நேரடி இசைப் பதிவுகளைச் சொடுக்கும் விக்கலும் இன்றிக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

கணினிக்கு மாற்றிய கச்சேரிப் பதிவில் ‘டிக்’ என்ற சொடுக்கோ, ஒரு கணம் ஒலி அறுந்து மீண்டும் தொடரும் விக்கலோ கேட்டால், முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் குறை மூலப் பதிவிலேயே இருக்கிறதா, மாற்றும்போது நுழைந்ததா? இதை அறிய விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். அதே பகுதியை இன்னொரு முறை மாற்றிப் பார்த்தால் போதும். இரண்டு முறையும் ஒரே இடத்தில் சொடுக்கு விழுந்தால் அது பெரும்பாலும் மூலத்தைச் சேர்ந்தது. இடம் மாறினாலோ மறைந்தாலோ அது உங்கள் கணினியும் இணைப்பும் சேர்த்துக் கொடுத்தது. இந்த வேறுபாட்டை உறுதிசெய்யாமல் சொடுக்கு நீக்கும் மென்பொருளை ஓடவிடுவோர் பலர். அந்த மென்பொருள் சொடுக்கோடு சேர்த்துத் தாள வாத்தியங்களின் கூர்மையான அடிகளையும் மழுக்கிவிடக்கூடும் என்பதால், அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே நல்லது.

கீழே வரும் படிகள் யாவும் ஒரே கொள்கையை ஒட்டியவை: நகலெடுக்க முடிந்ததை மறுபதிவு செய்யக் கூடாது, மறுபதிவு தவிர்க்க முடியாதபோது கிளாக் (டிஜிட்டல் ஒலியின் வேகத்தை நிர்ணயிக்கும் உள் கடிகாரம்), பஃபர் (வரும் ஒலியைச் சற்று நேரம் தாங்கி வைக்கும் தற்காலிக நினைவகம்) என்ற இரண்டையும் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும்.

படி 1: பதிவு கோப்பாக இருக்கிறதா, ஓட்டமாக இருக்கிறதா?

இன்றைய கையடக்க ரெக்கார்டர்கள் எஸ்டி அட்டையில் வேவ் கோப்பாக எழுதுகின்றன. அத்தகைய பதிவை மாற்றுவது வெறும் கோப்பு நகலெடுப்புதான். அங்கே ஒலி ஓடுவதே இல்லை என்பதால் சொடுக்கு நுழைய இடமும் இல்லை. ஆனாலும் ரெக்கார்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துக் கணினியின் மைக் துளையில் செருகி, முழுக் கச்சேரியையும் ஓடவிட்டு மீண்டும் பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒலி ஒருமுறை அனலாகாகி மறுபடியும் டிஜிட்டலாகிறது. வழியில் இரைச்சல், மின்னோட்டத்தின் உறுமல், கணினியின் திணறல் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

யுஎஸ்பி கம்பியால் இணைக்கும்போது பல ரெக்கார்டர்கள் இரண்டு வாய்ப்புகளைத் திரையில் காட்டும்: சேமிப்பகமாக இணைவது ஒன்று, ஆடியோ இன்டர்ஃபேஸாக (ஒலியை ஓட்டமாகக் கணினிக்குள் செலுத்தும் கருவியாக) இணைவது மற்றொன்று. சேமிப்பகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதைவிடவும் அட்டையைக் கழற்றி, அதன் ஓரத்தில் உள்ள பூட்டை எழுத்துத் தடைப் பக்கம் தள்ளி, கார்டு ரீடரில் இட்டு நகலெடுப்பது மேல். ரெக்கார்டரின் பேட்டரி நடுவில் தீர்ந்துபோகும் ஆபத்து இதில் இல்லை. தவறுதலாக ஒரு கோப்பு அழியவும் வழியில்லை.

டாட் (டிஜிட்டல் ஒலி நாடா), மினிடிஸ்க் (சிறிய டிஜிட்டல் ஒலி வட்டு), கேசட் போன்ற பழைய ஊடகங்களில் பதிவு பெரும்பாலும் ஓட்டமாகத்தான் வெளிவரும். ஒரு மணி நேரப் பதிவை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். அவற்றுக்கு 3ஆம் படியிலிருந்து சொல்லப்படுபவை பொருந்தும்.

படி 2: கோப்பை நகலெடுத்தலும் சரிபார்த்தலும்

நகலெடுக்கும் முன் எவ்வளவு இடம் தேவை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் ஒரு நொடிக்கு 2,88,000 பைட். அதாவது மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. மாதிரி வீதம், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து மாதிரியாக்குகிறார்கள் என்பது, 96 கிலோஹெர்ட்ஸ் ஆனால் அந்த இடம் இரட்டிப்பாகும். குறுந்தட்டின் தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவு மணிக்குச் சுமார் 635 எம்பி பிடிக்கும்.

கோப்புகளை முதலில் கணினியின் உள் வட்டுக்கு நகலெடுங்கள். இணையச் சேமிப்பகத்தோடு தானாக ஒத்திசையும் கோப்புறையில் நேரடியாகப் போட வேண்டாம். நகல் முடியும் முன்பே அது பதிவேற்றத் தொடங்கிவிடும். நகல் முடிந்ததும் இரு பக்கக் கோப்புகளுக்கும் எம்டி5 போன்ற செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து பெறப்படும் அடையாள எண்) கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இதற்கான கட்டளைகள் உள்ளேயே இருக்கின்றன. இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் ஒரு பிட் கூட மாறவில்லை என்று கொள்ளலாம். கோப்பின் அளவு மட்டும் ஒத்துப்போவது போதாது. பழுதான கார்டு ரீடர் அளவை மாற்றாமல் உள்ளடக்கத்தைக் கெடுக்கக்கூடும், அது பிறகு ஒலியில் திடீரென வெடிக்கும் இரைச்சலாகக் கேட்கும்.

நீண்ட கச்சேரிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அட்டையில் கோப்புகளை அடுக்கும் எஃப்ஏடி32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வழக்கமான வேவ் கோப்பின் தலைப்பகுதியும் அதே எல்லைக்கு உட்பட்டது. எனவே ரெக்கார்டர்கள் 2 அல்லது 4 ஜிபி ஆனதும் தாமாகவே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடுகின்றன. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் 2 ஜிபி என்பது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல்; ஆகவே முக்கால்வாசிக் கச்சேரி கடந்து, நிகழ்ச்சி களைகட்டியிருக்கும் வேளையில்தான் பதிவு இரண்டாக உடைகிறது. இவ்விரு துண்டுகளையும் சேர்க்கும்போது இடையில் மௌனமோ, கிராஸ்ஃபேடோ (ஒன்று தேய மற்றொன்று எழும் கலப்பு) இருக்கக் கூடாது. முதல் துண்டின் கடைசி மாதிரிக்கு அடுத்ததாக இரண்டாம் துண்டின் முதல் மாதிரி வர வேண்டும். சேர்த்த பிறகு அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலைவடிவம் வழுவழுப்பாகத் தொடர்ந்தால் இணைப்பு சரி, படிக்கட்டுபோல் ஒரு தாவல் தெரிந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது. சேர்த்த கோப்பு 4 ஜிபியை மீறினால் பெரிய கோப்புகளுக்கான ஆர்எஃப்64 வடிவிலோ, டபிள்யூ64 வடிவிலோ சேமிக்க வேண்டும்.

பதிவின் நடுவே மின்சாரம் போய், கோப்பு பூஜ்ய நீளம் என்று காட்டினால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஒலித்தரவு அட்டையில் பத்திரமாக இருக்கும். தலைப்பகுதியில் நீளம் எழுதப்படவில்லை, அவ்வளவே. அந்த அட்டையில் வேறெதையும் பதியாமல், ஃபார்மட் செய்யாமல், முழு அட்டையையும் பிம்பமாக எடுத்து வைத்துக்கொண்டு, கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் ‘ரா டேட்டா’வாக (தலைப்பகுதியைப் பாராமல் வெறும் தரவாக) இறக்குமதி செய்யலாம். 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு ஜோடி மாதிரிக்கு 6 பைட் என்பதால், தொடக்க இடம் ஒரு பைட் தவறினாலும் முழுவதும் இரைச்சலாகவே கேட்கும். தொடக்க இடத்தை ஒவ்வொரு பைட்டாக நகர்த்திப் பார்த்தால் இசை தெளிந்து வரும். இடதும் வலதும் மாறிக் கேட்டால் இன்னும் 3 பைட் நகர்த்துங்கள்.

படி 3: டாட், மினிடிஸ்க் – கிளாக் யாருடையது?

சோனி நிறுவனம் 1987இல் அறிமுகப்படுத்திய டாட் நாடாவில் நேரடி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்தவர்கள் ஏராளம். அதன் இயந்திரங்களை அந்நிறுவனம் 2005இல் கைவிட்டுவிட்டதால், நல்ல நிலையில் உள்ள இயந்திரம் கிடைக்கும்போதே நாடாக்களை மாற்றிவிடுவது நல்லது. இயந்திரத்தின் எஸ்பிடிஃப் டிஜிட்டல் வெளியீட்டை, அதே வகை உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸில் இணைக்க வேண்டும். கோஆக்சியல் என்றால் 75 ஓம் கம்பி. சாதாரண ஒலிக்கம்பியும் பல நேரம் வேலை செய்யும், ஆனால் பிரச்சினை வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

சொடுக்குகளின் தலையாய காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. டாட் இயந்திரத்துக்குள் ஒரு கிளாக் ஓடுகிறது. இன்டர்ஃபேஸுக்குள் மற்றொன்று ஓடுகிறது. இரண்டும் 48,000 என்று சொன்னாலும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே, நொடிக்கு ஏறக்குறைய ஒரு மாதிரி கூடுதலாகவோ குறைவாகவோ வந்துவிடும். இன்டர்ஃபேஸ் அதை விழுங்கும் அல்லது முந்தையதை மறுபடியும் வைக்கும். அந்தத் தாவல்தான் காதில் ‘டிக்’ என்று விழுகிறது. ஆகவே இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டுப் பலகையில் கிளாக் மூலத்தை ‘இன்டர்னல்’ என்பதிலிருந்து ‘எக்ஸ்டர்னல்’ அல்லது ‘எஸ்பிடிஃப்’ என்று மாற்றிவிடுங்கள். அதன் பிறகு இன்டர்ஃபேஸ், நாடா இயந்திரத்தின் தாளத்துக்கே நடக்கும்.

இதிலிருந்து ஒரு நல்ல அடையாளமும் கிடைக்கிறது. சொடுக்குகள் ஒரே சீரான இடைவெளியில் விழுந்தால் கிளாக்கைச் சந்தேகியுங்கள். ஒழுங்கின்றி, கணினியில் வேறேதோ நடக்கும்போது விழுந்தால் பஃபரைச் சந்தேகியுங்கள். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழுந்தால் நாடாவைச் சந்தேகியுங்கள்.

மாதிரி வீதத்தையும் மூலத்துக்கு ஏற்பவே வைக்க வேண்டும். டாட் நாடா 48, 44.1, 32 கிலோஹெர்ட்ஸ் என்று மூன்று வீதங்களில் பதியப்பட்டிருக்கலாம். ஒரே நாடாவில் நடுவே மாறியிருக்கவும் கூடும். 48 கிலோஹெர்ட்ஸில் வந்த மாதிரிகளை 44.1 என்று முத்திரையிட்டு எழுதினால், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கி, காலமும் மந்தமாகிவிடும். பாடகரின் வழக்கமான சுருதி தெரிந்தவர்கள் இதை உடனே கண்டுபிடிப்பார்கள். தெரியாதவர்கள் நீண்ட நாள் அப்படியே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

டாட் இயந்திரம் படிக்க முடியாத தரவைப் பிழைதிருத்தத்தால் மீட்கும். மீட்க இயலாதபோது அக்கம்பக்க மாதிரிகளை வைத்து ஊகித்து நிரப்பும். அதுவும் இயலாதபோது மௌனமாகிவிடும். ஒரே இடத்தில் விக்கல் வந்தால் நாடாவைப் படிக்கும் தலையைச் சுத்தம் செய்து, நாடாவை முழுக்க முன்னும் பின்னும் ஒருமுறை ஓட்டி, மீண்டும் முயலுங்கள். அப்படியும் தீராவிட்டால் வேறு இயந்திரத்தில் போட்டுப் பாருங்கள். தலை சற்றே விலகிய இயந்திரத்தில் பதிந்த நாடா, பதிந்த அதே இயந்திரத்தில்தான் ஒழுங்காகப் படிக்கப்படும் என்பது உண்டு.

மினிடிஸ்க்குக்கும் கிளாக் விதி இதுவே. சோனியின் 2006ஆம் ஆண்டு எம்இசட்-ஆர்எச்1 கருவி மட்டும் பழைய வட்டுகளின் பதிவையும் யுஎஸ்பி வழியாகக் கோப்பாகவே கணினிக்கு அனுப்பும்; அது கையில் இருந்தால் ஓட்ட மாற்றமே தேவையில்லை.

படி 4: கேசட்

கேசட்டில் கிளாக் தொல்லை இல்லை. டிஜிட்டலாக்கும் வேலையை இன்டர்ஃபேஸே செய்வதால் கிளாக் ஒன்றுதான். ஆனால் மூலத்திலிருந்து சிறந்த ஒலியை எடுப்பதற்குச் சற்று உழைப்பு வேண்டும். தலையையும் பிஞ்ச் ரோலரையும் (நாடாவை அழுத்தி நகர்த்தும் உருளை) சுத்தம் செய்து, நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள், இழுவிசை சீராகும். பிறகு தலையின் சாய்வை, அதாவது அசிமத்தை, அந்த நாடாவுக்கு ஏற்பத் திருத்துங்கள். இரு சேனல்களையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே திருகாணியை மெல்லத் திருப்பினால், உயர்சுர ஒலி மிகத் தெளிவாகும் ஓர் இடம் வரும். அதுவே சரியான நிலை. டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறையில் பதிந்த நாடா என்றால் அசிமத்தைச் சரிசெய்த பிறகுதான் டால்பியை இயக்கிப் பார்க்க வேண்டும்.

ஒலியளவை, மிக உரத்த இடத்திலும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். 24 பிட்டில் பதிவதால் சற்றுக் குறைவாக இருந்தாலும் நட்டமில்லை. தாண்டி வெட்டுப்பட்டால் மீட்க வழியில்லை. கைதட்டல் பாட்டைவிட உரக்க இருக்கும் என்பதை மறந்துவிட்டு, பாட்டை மட்டும் வைத்து அளவு நிர்ணயிப்பது எளிதில் நேரும் பிழை. உறுமல் கேட்டால், டெக்கையும் கணினியையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். மடிக்கணினியானால் சார்ஜரைக் கழற்றியும் பாருங்கள்.

படி 5: கணினியைத் தயார் செய்தல்

ஓட்டமாக வரும் எந்தப் பதிவுக்கும் இது பொது. கணினி ஒலியைச் சிறு சிறு கூறுகளாகப் பஃபரில் வாங்கி வட்டில் எழுதுகிறது. ஒரு கூறை எடுத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து குவிந்தால் ஏதேனும் ஒன்று தொலைந்துபோகும், அதுவே விக்கல். இசையமைப்பாளர்கள் தாமதத்தைக் குறைக்கப் பஃபரைச் சிறிதாக வைப்பது வழக்கம். மாற்றும் வேலையில் தாமதம் ஒரு பொருட்டே அல்ல; எனவே கிடைக்கும் அளவுகளில் பெரியதைத் தேர்ந்தெடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 256 மாதிரி என்பது சுமார் 5 மில்லிநொடி அவகாசம். 2048 மாதிரி என்பது 43 மில்லிநொடி. கணினி தடுமாறி எழ அந்த அவகாசம் பெரிதும் உதவும்.

விண்டோஸில் செயலியின் வேகத்தைவிட, கருவிகளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களே அதிகத் தொல்லை தருகின்றன. கம்பியில்லா இணைய டிரைவரோ, காட்சி அட்டையின் டிரைவரோ செயலியைச் சில மில்லிநொடிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதிவேகக் கணினியிலும் விக்கல் வருவது இதனால்தான். லேட்டன்சிமான் என்ற மென்பொருளைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் எந்த டிரைவர் குற்றவாளி என்று காட்டிக்கொடுத்துவிடும். பதிவின்போது வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிடுங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளின் முழுச் சோதனையையும் தானியங்கிப் புதுப்பிப்பையும் ஒத்திவையுங்கள். மின்சக்தி அமைப்பை அதிகச் செயல்திறனுக்கு மாற்றி, உறக்கத்தையும் யுஎஸ்பி சக்தி சேமிப்பையும் நிறுத்துங்கள். இன்டர்ஃபேஸைக் கணினியின் துளையிலேயே நேராகச் செருகுங்கள். வெளி வட்டும் இன்டர்ஃபேஸும் ஒரே ஹப்பில் இருப்பது வேண்டாம்.

ஒலி மென்பொருளில் ஆசியோ டிரைவர் இருந்தால் அதையும், இல்லையென்றால் வசாபி பிரத்தியேக முறையையும் பயன்படுத்துங்கள் (இரண்டும் விண்டோஸின் மிக்சரைத் தவிர்த்து ஒலிக் கருவியோடு நேராகப் பேசும் வழிகள்). பகிர்வு முறையில் விண்டோஸின் மிக்சர் வழியில் நுழைந்து மாதிரி வீதத்தைத் தானே மாற்றிவிடக்கூடும். வேறு வழியில்லாமல் பகிர்வு முறையில்தான் பதிய வேண்டுமென்றால், ஒலி அமைப்பில் உள்ள வீதத்தை மூலத்தின் வீதத்துக்கே மாற்றி, ‘ஒலி மேம்பாடுகள்’ அனைத்தையும் அணைத்துவிடுங்கள். மேக்கில் ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற பயன்பாட்டில் வீதத்தைப் பொருத்தலாம்.

முழு நாடாவையும் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடச் சோதனைப் பதிவு ஒன்று எடுத்துக் கேளுங்கள். ஆடாசிட்டியில் தவறிய இடங்களைக் கண்டறியும் அமைப்பு உண்டு. அதை இயக்கி வைத்தால், விக்கல் நேர்ந்த இடங்களைப் பதிவு முடிந்ததும் அடையாளமிட்டுக் காட்டும். ஆனால் அது கணினித் தரப்பில் தவறியதை மட்டுமே அறியும். கிளாக் வழுக்கல் அதன் கண்ணில் படாது.

படி 6: காதால் மட்டுமன்றிக் கண்ணாலும் சோதித்தல்

இரண்டு மணி நேரக் கச்சேரியை ஹெட்ஃபோனில் முழுக்கக் கேட்பதற்கு மாற்று எதுவும் இல்லை என்றாலும், எங்கே கூர்ந்து கேட்க வேண்டும் என்பதை ஸ்பெக்ட்ரோகிராம் (நேரம் இடமிருந்து வலமாகவும் அதிர்வெண் கீழிருந்து மேலாகவும் தெரியும் ஒலிப்படம்) காட்டிவிடும். சொடுக்கு என்பது கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே கணத்தில் பரவுவதால், மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும். இசையின் வலிமை குறைந்த 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில் இந்தக் கோடுகள் பளிச்சென்று நிற்கும். தாள வாத்திய அடிகளும் கோடுகளாகவே தெரியும். ஆனால் அவை தொடங்கிய பிறகு வலப்பக்கமாகக் கரைந்து தேயும், சொடுக்குக் கோட்டில் அந்தத் தேய்வு இருக்காது.

டிஜிட்டல் இணைப்பில் எடுத்த பதிவுக்கு இன்னும் கறாரான ஒரு சோதனை இருக்கிறது. ஒரே நாடாவை இருமுறை எடுத்து, இரண்டையும் ஒரு மாதிரிகூடப் பிசகாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஒன்றின் அலைவடிவத்தைத் தலைகீழாக்கிக் கலந்துவிடுங்கள். இரண்டு மாற்றங்களும் பிழையற்றவை என்றால் முழு மௌனமே மிஞ்சும். ஓரிடத்திலிருந்து திடீரென ஒலி எழுந்து கடைசிவரை தொடர்ந்தால், சரியாக அந்த இடத்தில் இரண்டில் ஒன்று மாதிரி ஒன்றை இழந்திருக்கிறது. கேசட்டுக்கு இது பொருந்தாது. நாடாவின் வேகம் ஒவ்வொரு முறையும் சற்றே மாறும்.

பழுதான இடம் அகப்பட்டால், சொடுக்கு நீக்கியைத் தேடாமல் அந்தச் சில நொடிகளை மட்டும் மீண்டும் எடுத்து ஒட்டுப்போடுவதே என் பரிந்துரை. டிஜிட்டல் மூலத்தில் மாதிரிகள் அப்படியே ஒத்துப்போவதால் ஒட்டு தெரியவே தெரியாது. கேசட்டானால் 5 முதல் 10 மில்லிநொடி கிராஸ்ஃபேட் கொடுங்கள். மூலத்திலேயே உள்ள சொடுக்குக்கு மட்டும் ஆடாசிட்டியின் ‘ரிப்பேர்’ கருவியைப் பயன்படுத்தலாம். அது ஒரு முறைக்கு 128 மாதிரிகள் வரையே திருத்தும் என்பதால் அக்கம்பக்கத்து இசைக்கு ஊறு நேர்வதில்லை.

படி 7: பாடல்களாகப் பிரித்தலும் சேமித்தலும்

நேரடிப் பதிவைப் பாடல்களாக வெட்டும்போதும் புதிதாகச் சொடுக்கு முளைக்கும். குறுந்தட்டில் எழுதப்போவதாக இருந்தால், ஒவ்வொரு வெட்டும் 588 மாதிரிகளின் மடங்கில் விழ வேண்டும். குறுந்தட்டின் ஒரு செக்டர் அதுதான், நொடிக்கு 75 செக்டர்கள். இடையில் வெட்டினால் எழுதும் மென்பொருள் எஞ்சிய இடத்தை மௌனத்தால் நிரப்பிவிடும்; கைதட்டலின் நடுவே அது தெளிவாகக் கேட்கும். எம்பி3 கோப்பும் 1152 மாதிரிகள் கொண்ட சட்டங்களால் ஆனது என்பதால் ஓரங்களில் மௌனம் சேர்த்துக்கொள்ளும். இசையை ஒலிக்கும் பல மென்பொருள்கள் அதை மறைத்தாலும் எல்லாம் மறைப்பதில்லை. இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் வடிவில் இந்தச் சிக்கல் கிடையாது. அதோடு, சுருக்குவதற்கு முந்தைய ஒலியின் எம்டி5 எண்ணையும் ஃபிளாக் தன்னுள் எழுதி வைப்பதால், பல ஆண்டுகள் கழித்தும் கோப்பு கெட்டிருக்கிறதா என்பதை அதன் சோதனைக் கட்டளையால் அறியலாம். வட்டில் பிடிக்கும் இடமும் கணிசமாகக் குறையும்.

16 பிட்டுக்கோ, வேறு மாதிரி வீதத்துக்கோ மாற்ற வேண்டியிருந்தால், எல்லாத் திருத்தங்களும் முடிந்த பிறகு, வீதத்தை மாற்றி, டித்தரோடு (பிட் குறைக்கும்போது சேர்க்கும் மிகச் சிறு இரைச்சல்) ஒரே ஒருமுறை செய்யுங்கள். மூலத்திலிருந்து எடுத்த 24 பிட் கோப்பைத் திருத்தாமல் தனியே வைத்திருங்கள்.

இரண்டு வெவ்வேறு வட்டுகளில் நகல் இருந்து, இரண்டின் செக்சமும் ஒத்துப்போய், பதிவை முழுவதும் ஒருமுறை கேட்டும் முடித்த பிறகே அட்டையின் பூட்டைத் திறக்க வேண்டும். அட்டையைக் கணினியில் ஃபார்மட் செய்யாமல் ரெக்கார்டரிலேயே செய்யுங்கள். தனக்கு ஏற்ற அமைப்பில் அது எழுதிக்கொள்ளும்.